ஃபயர்வாலைத் தாண்டும் யூடிபி: வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைச் சுற்றியவை பல இருந்ததால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஐபி போன் (இணையம் வழியே பேசும் போன்), கேமரா, விபிஎன் (இரு இடங்களை இணையத்தின் மேல் இணைக்கும் தனிப் பாதை) என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாவற்றிலும் சிக்கிக்கொண்டு நிற்பது யூடிபிதான். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் தரவைப் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பும் முறை யூடிபி. சேர்ந்ததை உறுதிசெய்து, தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் முறை டிசிபி. கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண் போர்ட். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று நெட்வொர்க்கின் வாசலில் நின்று பார்ப்பது ஃபயர்வால்.

கேள்வி: ஐயா, காரைக்குடியில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் எங்கள் ஏற்றுமதி அலுவலகம் இருக்கிறது. ஐந்து ஐபி போன்கள் உண்டு. அழைப்பை நடத்தும் ஆஸ்டரிஸ்க் சர்வர் பெங்களூரில் வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷினில் ஓடுகிறது. இணைய இணைப்பு வளாகத்துக்கே பொது. அதன் ஃபயர்வால் டிசிபி 22, 80, 443 தவிர வேறு எதையும் வெளியே விடுவதில்லை. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) தரும் போர்ட் ஃபார்வர்டிங் மூலம், அழைப்புக்கான 5060-ஐக் கொண்டுபோகப் பார்த்தேன். இணைப்பு வருகிறது, போன் மட்டும் ரெஜிஸ்டர் ஆகவில்லை. சோகாட் என்ற கருவி வைத்தால் முடியும் என்கிறார்கள். சரியான வழி எது?

பதில்: எஸ்எஸ்ஹெச்சின் போர்ட் ஃபார்வர்டிங் டிசிபிக்கு மட்டுமே. உங்கள் போன் 5060-க்கு யூடிபியில் பேசுகிறது. எஸ்எஸ்ஹெச் அந்த எண்ணில் டிசிபிக்காகக் காத்திருக்கிறது. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கதவுகள். எஸ்எஸ்ஹெச் தரும் சாக்ஸ் ப்ராக்ஸியும் (பிற மென்பொருள்களின் இணைப்பைத் தன்வழியே கொண்டுபோகும் இடைத்தரகர்) யூடிபியை எடுத்துக்கொள்ளாது.

சோகாட் சொன்னவர்கள் சொல்வது இதைத்தான்: போன் பக்கம் யூடிபியை வாங்கி டிசிபியாக மாற்றி, எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பி, மறுமுனையில் இன்னொரு சோகாட் அதைத் திரும்ப யூடிபியாக்கும். சோதனைக்கு ஓடும், வேலைக்கு ஆகாது. யூடிபி மூட்டை மூட்டையாக வருவது. டிசிபி, மூட்டையை அவிழ்த்து நெல்லை ஒரே சரிவில் கொட்டிவிடுவது. மறுமுனையில் எந்த மூட்டை எங்கே முடிந்தது என்று சோகாட்டுக்குத் தெரியாது. போக்குவரத்து குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சேர்வதால் எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தோன்றும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததும் இரண்டு பாக்கெட் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும், குரல் சிதறும். ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் டிசிபியில் ஓடும்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கு முன்னாலும் அதன் நீளத்தை இரண்டு பைட்டில் எழுதிவிடுகிறது. பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் டிசிபியில் போகும்போதும் அப்படித்தான். சோகாட் அதைச் செய்யாது. அதோடு குரல் போவது 5060-இல் அல்ல. அது அழைப்பை ஏற்படுத்த மட்டும். குரலுக்கு ஆஸ்டரிஸ்க்கின் மாதிரி அமைப்பில் 10000 முதல் 20000 வரையுள்ள யூடிபி போர்ட்கள் உண்டு. அத்தனைக்கும் சோகாட் வைக்க முடியாது.

ஆகவே போர்ட் போர்ட்டாகக் கடத்துவதை விட்டுவிட்டு, முழு நெட்வொர்க்கையும் ஒரு டனலில் (எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கொண்டுபோகும் ஒரே பாதையில்) ஏற்றுங்கள். எங்கள் பரிந்துரை வயர்கார்டு என்ற விபிஎன். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது கெர்னலிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்து ஒரே யூடிபி போர்ட்டில் அனுப்பும்; வழக்கமான எண் 51820.

அந்த ஒரு யூடிபி போர்ட்டுக்கு வழி வேண்டும். வளாகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். "எங்கள் அலுவலகத்தின் இந்த ஐபியிலிருந்து, பெங்களூரில் உள்ள இந்த ஒரே ஐபிக்கு, யூடிபி 51820, வெளிச்செல்லும் திசையில் மட்டும் அனுமதி வேண்டும், உள்ளே வரும் வழி எதுவும் தேவையில்லை." இவ்வளவு குறுகலாகக் கேட்டால் மறுக்கக் காரணம் இருக்காது. ஃபயர்வாலில் அது ஒரே ஒரு விதி. "யூடிபியைத் திறந்துவிடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் மறுப்பார்கள், மறுப்பது நியாயமும்கூட. இந்தப் பக்கம் முழுக்க நாங்கள் சொல்லும் வேறெந்த உத்தியும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை. ஐபி போனில் பொதுவாக வயர்கார்டு ஓடாது. அதற்கு ராஸ்ப்பெர்ரி பை அளவில் ஒரு சின்ன மெஷினோ, வயர்கார்டு உள்ள ரௌட்டரோ போதும். டனலுக்கு 10.8.0.0/24 என்று ஒரு வரிசை கொடுங்கள்: சர்வர் 10.8.0.1, அலுவலக மெஷின் 10.8.0.2. அலுவலக லேன் (உள் நெட்வொர்க்) 192.168.1.0/24 ஆக இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். உலகில் பாதி ரௌட்டர்கள் அதே வரிசையில்தான் வருகின்றன. நாளைக்கு வீட்டிலிருந்து இணைக்கும்போது இரண்டும் மோதும். 192.168.47.0/24 போல யாரும் எடுக்காத ஒன்றை எடுங்கள். சர்வர் பக்கத்து பீர் (எதிர்முனை) பகுதியில், எந்த ஐபிகள் அந்த முனையைச் சேர்ந்தவை என்று சொல்லும் அலவ்ட் ஐபிஸ் வரியில் 10.8.0.2/32 உடன் 192.168.47.0/24-ஐயும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் போனிலிருந்து கிளம்பி வரும் பாக்கெட்டை சர்வர் சத்தமில்லாமல் எறிந்துவிடும். அலுவலக மெஷினில் ஐபி ஃபார்வர்டிங் (பிறருக்கு வந்த பாக்கெட்டைக் கடத்திவிடுவது) 1 ஆக இருக்க வேண்டும். அந்த மெஷினே ரௌட்டராக இல்லாவிட்டால், 10.8.0.0/24-க்கான வழி அந்த மெஷின்தான் என்று ரௌட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுத வேண்டும். அலுவலகப் பக்கம் பர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று வையுங்கள்; 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாக்கெட் போகும். யூடிபிக்கு இணைப்பு என்று ஒன்று கிடையாது. நடுவில் உள்ள ஃபயர்வால் தானாக நினைவு வைத்திருந்து, பேச்சில்லாவிட்டால் மறந்துவிடும். 30 வினாடியிலேயே மறப்பவை உண்டு. மறந்தபின் வெளியிலிருந்து வரும் அழைப்பு போன் வரை வராது.

சர்வர் பக்கம் இரண்டு ஃபயர்வால் இருக்கலாம்: மெஷினுக்குள் ஒன்று, கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒன்று. பலகையில் 51820-ஐத் திறந்தவர்கள் டிசிபி என்று விட்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது கோளாறு பார்ப்பது. என்சி போன்ற கருவியால் யூடிபி போர்ட்டைத் தட்டிப் பார்த்து "வெற்றி" என்று வந்தால் நம்பாதீர்கள். மறுப்புச் செய்தி வரவில்லை என்பதையே அது வெற்றி என்கிறது. வயர்கார்டோ தெரியாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. சரியான வழி, வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப்பை சர்வரில் ஓட்டி 51820-ஐக் கவனிப்பது. பாக்கெட்டின் நீளமே கதையைச் சொல்லும். அலுவலகம் அனுப்பும் முதல் கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்கும் செய்தி) 148 பைட். சர்வரின் பதில் 92 பைட். சும்மா இருக்கும்போது போகும் கீப்அலைவ் 32 பைட்.

148 சர்வருக்கே வரவில்லையென்றால் தடுப்பது வளாகத்து ஃபயர்வால், அல்லது கிளவுட் பலகை. 148 ஐந்து வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்து 92 போகவில்லையென்றால் சர்வர் மெஷினுக்குள் உள்ள ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது சாவி தவறு. சாவி என்றால், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துப் பொதுச்சாவியை எழுத வேண்டிய இடத்தில் சொந்தப் பொதுச்சாவியை எழுதியிருப்பார்கள். 148 வந்து, 92 போயும் மறுபடி 148 வந்தால் திரும்பும் பாதை அடைபட்டிருக்கிறது. வளாகத்து ஆளிடம் பேசும்போது இந்த எண்களைக் காட்டிப் பேசினால் வேலை சீக்கிரம் முடியும்.

டனல் வந்த பிறகு, மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்பீர்கள். அதற்கு டனல் காரணமல்ல. ஆஸ்டரிஸ்க் தன் பொது ஐபியைப் போனுக்குச் சொல்லி, குரலை அங்கே அனுப்பச் சொல்கிறது. அந்த ஐபிக்குப் போகும் பாதை டனலுக்கு வெளியே இருக்கிறது. டிரான்ஸ்போர்ட் பகுதியில் உள்ள லோக்கல் நெட் வரிகளில் 10.8.0.0/24, 192.168.47.0/24 இரண்டையும் சேர்த்தால் சரியாகிவிடும். போனில் சர்வர் முகவரி 10.8.0.1 என்றே இருக்கட்டும்.

வேகம் எவ்வளவு வேண்டும்? ஜி.711 கோடெக் (குரலைத் தரவாக்கும் முறை) வினாடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். குரல் 160 பைட். ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்புகள் சேர்ந்து 200. வயர்கார்டு அதை 16-இன் மடங்காக 208 ஆக்கி, மேலே 60 சேர்க்கும். மொத்தம் 268 பைட், அதாவது ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 107 கிலோபிட். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் 540-ஐத் தாண்டாது. இணைப்பின் வேகத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பாக்கெட் தவறாமல் போகிறதா என்பதையே கவனியுங்கள்.

கேட்டும் யூடிபி கிடைக்கவில்லை, டிசிபி 443 வழியாக நடத்திக்கொள்ளுங்கள் என்று அனுமதி தந்தார்கள் என்று வையுங்கள். அதற்கு முன் யூடிபி 443-ஐயாவது கேட்டுப் பாருங்கள். பிரவுசர்கள் எச்டிடிபி 3-க்குப் பயன்படுத்தும் க்விக் அதில்தான் போகிறது என்பதால் பல இடங்களில் அது திறந்தே இருக்கும். வயர்கார்டின் லிசன் போர்ட்டை 443 ஆக்கினால் போதும். அதுவும் இல்லையென்றால் டபிள்யூஎஸ்டனல் போன்ற ஒன்றால் வயர்கார்டின் யூடிபியை டிஎல்எஸ் போர்த்திய வெப்சாக்கெட்டுக்குள் வைத்து டிசிபி 443-இல் அனுப்பலாம். பாக்கெட் எல்லையை அது காப்பாற்றும். இதைச் செய்பவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. வயர்கார்டின் எண்ட்பாயின்ட் (எதிர்முனை முகவரி) இப்போது 127.0.0.1, அதாவது அதே மெஷின் ஆகிவிடும். அலவ்ட் ஐபிஸ் 0.0.0.0/0 என்று வைத்திருந்தால், வெளியே போக வேண்டிய டிசிபி இணைப்பே டனலுக்குள் போய்த் தன்னையே சுற்றும். இணைத்த சில வினாடியில் எல்லாம் நின்றுவிடும். உங்களுக்கு 10.8.0.0/24 மட்டும் போதும் என்பதால் இந்தச் சிக்கல் வராது. முழு இணையத்தையும் அனுப்ப நினைப்பவர்கள், சர்வரின் பொது ஐபிக்கு மட்டும் பழைய கேட்வே வழியே தனி ரூட் எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும்.

டிசிபிக்குள் குரல் போனால் தரம் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் யூடிபியில் 20 மில்லிசெகண்ட் குரல் போகும், காது கண்டுகொள்ளாது. டிசிபியில் தொலைந்தது திரும்ப வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் வரிசையில் நிற்கும். பிறகு மொத்தமாக வந்து விழும். அதற்குள் போன் அவற்றைக் காலாவதி என்று எறிந்திருக்கும்.

கேள்வி: கானாடுகாத்தானில் பாரம்பரிய வீடு ஒன்றை விடுதியாக நடத்துகிறோம். பில்லிங் மென்பொருள் சென்னை அலுவலகத்து டேட்டாபேஸுடன் ஓபன்விபிஎன் வழியாகப் பேசுகிறது. டிசிபி 443-இல் அமைத்துத் தந்தார்கள். பகலில் சரி. மாலையில் விருந்தினர்கள் வைஃபையில் உட்கார்ந்ததும் பில் போடும் திரை நிமிடக்கணக்கில் உறைந்துவிடுகிறது. மற்ற இணையப் பக்கங்கள் ஓரளவு வருகின்றன. ஏன்?

பதில்: பில்லிங் மென்பொருள் பேசுவது டிசிபி. அதைச் சுமக்கும் டனலும் டிசிபி. தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும் பொறுப்பை இரண்டு அடுக்கும் தனித்தனியே எடுத்துக்கொள்கின்றன. மாலை நெரிசலில் ஒரு பாக்கெட் தொலைந்ததும் வெளி அடுக்கு அதைத் திரும்ப அனுப்பக் காத்திருக்கும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு குறைந்தது 200 மில்லிசெகண்ட், தோற்கும்தோறும் இரட்டிப்பாகும். உள் அடுக்குக்கு அது தெரியாது. பதில் வரவில்லையே என்று அதுவும் அதே தரவைத் திரும்ப அனுப்பும். அது வெளி அடுக்கின் வரிசையில் போய்ச் சேர்ந்து வரிசையை இன்னும் நீட்டும். வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில் பாரம் கூடுகிறது. டிசிபிக்குள் டிசிபி வைக்காதீர்கள் என்று நெட்வொர்க் ஆட்கள் சொல்வது இதனால்தான்.

உங்கள் இணைப்பு உங்கள் சொந்தம், யூடிபியைத் தடுப்பவர் யாருமில்லை என்றால் ஓபன்விபிஎன்னை அதன் இயல்பான யூடிபி 1194-க்கு மாற்றச் சொல்லுங்கள். இரு பக்கத்திலும் ஓரிரு வரி மாற்றம், சென்னை ஃபயர்வாலில் ஒரு அனுமதி. யூடிபி வழியில்லை என்றால், பில்லிங்குக்குத் தேவை டேட்டாபேஸ் போர்ட் ஒன்றுதானே; முந்தைய பதிலில் வேண்டாம் என்ற அதே எஸ்எஸ்ஹெச் போர்ட் ஃபார்வர்டிங் இங்கே மிகப் பொருத்தம். அது டிசிபிக்குள் டிசிபியை வைப்பதில்லை. உள் இணைப்பை இந்த முனையிலேயே முடித்து, உள்ளிருக்கும் தரவை மட்டும் எடுத்துப்போய், அந்த முனையில் புது இணைப்பாகத் தொடங்குகிறது. திரும்ப அனுப்பும் வேலை ஓர் அடுக்குக்கு மட்டும்.

எந்த வழி எடுத்தாலும் ரௌட்டரில் விருந்தினர் வைஃபைக்கு வரம்பு வையுங்கள். கேக் என்னும் வரிசை முறை உள்ள ரௌட்டராக இருந்தால், அப்லோட் வேகத்தில் 90 சதவீதத்தை அதன் அளவாகக் கொடுத்தால், யாரோ ஒருவர் வீடியோ ஏற்றுவதால் பில் போடும் கணினி காத்திருக்கும் நிலை வராது.

கேள்வி: கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். வயர்கார்டு இணைந்துவிட்டது, பிங் அருமையாகப் போகிறது. ஆனால் அலுவலகத்து ஃபைல் சர்வரைத் திறந்தால் பெயர்ப் பட்டியல் வந்து, ஃபைலைத் தொட்டால் நின்றுவிடுகிறது.

பதில்: எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். வயர்கார்டு ஐபிவி4 மேல் 60 பைட்டும், ஐபிவி6 மேல் 80 பைட்டும் சேர்க்கும். அதனால்தான் அதன் வழக்கமான எம்டியூ 1420: 80 சேர்ந்தால் சரியாக 1500. ஆனால் பிபிபிஓஇ முறையில் வரும் ஃபைபர் இணைப்பில் 1492-தான் போகும். ஐபிவி6 வழியாக இணைந்தால் எட்டு பைட் இடிக்கிறது. மொபைல் டேட்டாவில் இன்னும் குறையலாம். பாக்கெட் பெரிது என்று திரும்பிவர வேண்டிய ஐசிஎம்பி செய்தியையும் நடுவில் யாரோ தடுத்துவிட்டால், அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாமல் நின்றுவிடும்.

விண்டோஸில் பிங் கட்டளையோடு, உடைக்காதே என்பதற்கு எஃப் விருப்பமும், அளவுக்கு எல் விருப்பமும் கொடுத்து டனலுக்குள் இருக்கும் எதிர்முனையை அழையுங்கள். 1392-இல் தொடங்குங்கள், 28 பைட் தலைப்பு சேர்ந்து 1420 ஆகும். பதில் வரும்வரை இருபது இருபதாகக் குறையுங்கள். பதில் வந்த எண்ணோடு 28-ஐக் கூட்டினால் அதுதான் எம்டியூ. அதை இரண்டு முனையிலும் எழுதுங்கள். ஒரு முனையில் மட்டும் மாற்றினால் ஒரு திசை மட்டும் சரியாகும். தேடப் பொறுமை இல்லையென்றால் 1280 வைத்துவிடுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் ஓடும்.

மேலே ஐபி போன் கேட்டவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. போனில் எல்லாக் கோடெக்கையும் இயக்கி வைத்திருந்தால், அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியே எம்டியூவைத் தாண்டி உடைந்து போகலாம். உடைந்த துண்டுகளைப் பல ஃபயர்வால்கள் எறிந்துவிடும். ரெஜிஸ்டர் ஆகிறது, அழைப்பு மட்டும் கிளம்பவில்லை என்றால் கோடெக் பட்டியலை இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: நாட்டரசன்கோட்டையில் எங்கள் வீடு. பங்காளிகள் நாலு குடும்பத்துக்கும் பொது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலுமாக இருக்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் காலையும் மாலையும் வந்துபோவார். எட்டு கேமராவும், படத்தைப் பதிவுசெய்ய ஒரு என்விஆரும் போட்டிருக்கிறோம். ரௌட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. வயர்கார்டு வைத்துத் தந்தார் ஒருவர். ஒரு வாரம் நன்றாக ஓடியது. கரண்ட் போய் வந்தபின் இணையவே இல்லை. வேறு சில நாட்களில் அண்ணன் பார்க்கும்போது எனக்கு அறுந்துவிடுகிறது.

பதில்: மூன்று தனித்தனிக் கோளாறுகள்.

போர்ட் திறந்தும் பயனில்லாததற்குக் காரணம், ரௌட்டரின் வேன் ஐபியை (இணைய நிறுவனம் ரௌட்டருக்குத் தந்த முகவரியை)ப் பார்த்தால் தெரியும். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், பொது ஐபி உங்களுடையது அல்ல. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றை நிறுவனம் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வீட்டை நேரே தொட முடியாது. வீடுதான் வெளியே உள்ள ஒரு கிளவுட் மெஷினுக்கு டனல் போட வேண்டும். நீங்களும் அங்கே போய்ச் சேர வேண்டும். வைத்துத் தந்தவர் அப்படித்தான் செய்திருப்பார். கீப்அலைவ் 25 வீட்டுப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கரண்ட் போனபின் இணையாதது நுட்பமான கோளாறு, அதனால் விரிவாகச் சொல்கிறோம். வயர்கார்டின் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கடைசியாகப் பார்த்த நேரத்தை சர்வர் நினைவில் வைத்து, அதற்கு முந்தைய நேரத்தோடு வருவதை, யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதி நிராகரிக்கும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. ராஸ்ப்பெர்ரி பை 4 வரையிலும், பெரும்பாலான ரௌட்டர்களிலும் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் அவை கடைசியாகச் சேமித்த பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். நேரத்தை இணையத்திலிருந்து என்டிபி சரிசெய்யும்வரை சர்வர் கதவைத் திறக்காது. என்டிபி ஓடுவதோ யூடிபி 123-இல். உங்கள் அமைப்பில் வீட்டுப் பக்கத்து அலவ்ட் ஐபிஸ் 0.0.0.0/0 என்று இருந்தால் என்டிபியும் டனலுக்குள் போகப் பார்க்கும். நேரம் சரியாகாமல் டனல் வராது, டனல் வராமல் நேரம் சரியாகாது.

தீர்வு எளிது. வீட்டுப் பக்கம் அலவ்ட் ஐபிஸில் 10.8.0.0/24 மட்டும் போடுங்கள். என்டிபி நேரே இணையத்துக்குப் போகும். பையாக இருந்தால் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தலாம், ஒரு சிறு பட்டன் பேட்டரியோடு வரும். கிளவுட் மெஷினின் முகவரியைப் பெயராக எழுதாமல் ஐபி எண்ணாகவே எழுதுங்கள். வயர்கார்டு பெயரைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் தேடும். கரண்ட் வந்த நிமிடத்தில் ஃபைபர் பெட்டி முழுதாக எழுந்திருக்காவிட்டால் அந்தத் தேடல் தோற்றுவிடும். ஃபைபர் பெட்டி, ரௌட்டர், என்விஆர் மூன்றுக்கும் ஒரு யூபிஎஸ் போடுங்கள்.

அண்ணன் பார்க்கும்போது உங்களுக்கு அறுவது, இருவர் போனிலும் ஒரே அமைப்பு ஃபைல் இருப்பதால். வயர்கார்டு ஒரு சாவிக்கு ஒரு முகவரியைத்தான் நினைவில் வைக்கும். கடைசியாகப் பேசியவர் எங்கிருக்கிறாரோ அங்கே பதிலை அனுப்பும். இருவரும் மாறி மாறிப் பறித்துக்கொள்கிறீர்கள். பங்காளி ஒவ்வொருவருக்கும், ஒருவரிடம் இரண்டு போன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும், தனிச் சாவியும் தனி ஐபியும் கொடுங்கள். போன் தொலைந்தால் அந்த ஒரு பீரை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களைத் தொட வேண்டியதில்லை. உங்கள் போன்களின் அலவ்ட் ஐபிஸில் 10.8.0.0/24 உடன் என்விஆர் இருக்கும் லேன் வரிசையும் இருக்கட்டும். கிளவுட் மெஷினிலும் வீட்டு பீருக்கு அதே லேனைச் சேர்க்க வேண்டும்.

கேமரா படம் கட்டம் கட்டமாகச் சிதைந்தால் ஆப்பில் ஆர்டிஎஸ்பி டிரான்ஸ்போர்ட் என்ற இடத்தில் யூடிபியை டிசிபி என்று மாற்றுங்கள். வயர்கார்டு வெளியே யூடிபியில் ஓடுவதால் இது டிசிபிக்குள் டிசிபி ஆகாது. குரலைப் போலன்றி, கண்காணிப்புப் படம் அரை வினாடி தாமதமானால் நட்டமில்லை. இருபத்துநாலு மணி நேரமும் திறந்து வைக்காதீர்கள். 2 மெகாபிட் ஓட்டம் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி. கிளவுட் மெஷினின் டேட்டா அளவு அதிலேயே போய்விடும். பதிவு வீட்டு என்விஆரில் நடக்கட்டும், தேவையானபோது 512 கிலோபிட் சப்ஸ்ட்ரீமை (அதே கேமராவின் குறைந்த தர ஓட்டத்தை)ப் பாருங்கள். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டைத் தாண்டிப் பின்கட்டு வரை வைஃபையை நம்பாதீர்கள். அந்தச் சுவர்களை அது தாண்டாது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், கரண்டும் அதிலேயே போகும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தாமதம் இருக்கத்தான் செய்யும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒளி போய்வரவே 32 மில்லிசெகண்ட் ஆகும். கிளவுட் மெஷினை அமெரிக்காவில் எடுத்தால் வீட்டுப் படம் அங்கே போய்த் திரும்பி வரும். சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ எடுங்கள்.

கேள்வி: தேவகோட்டையிலிருந்து. கல்லூரி விடுதி நெட்வொர்க்கில் யூடிபி முழுக்கத் தடை. ஆன்லைன் விளையாட்டு எதுவும் வராது. டிசிபி 443-இல் டனல் போட்டால் யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: தெரியும். உள்ளே என்ன போகிறது என்பதுதான் தெரியாது; ஒரே ஐபிக்கு மணிக்கணக்கில் அறாத ஓர் இணைப்பு, இரு பக்கமும் சீரான ஓட்டம் என்பது பதிவேட்டில் பளிச்சென்று தெரியும். விடுதி நெட்வொர்க்குக்கு நீங்கள் கையெழுத்திட்ட விதிகள் இருக்கும். மீறினால் பாதிக்கப்படுவது உங்கள் படிப்பு. மேலும் விளையாட்டு டிசிபிக்குள் போனால் ஒவ்வொரு பாக்கெட் இழப்புக்கும் திரை உறையும், ஆட முடியாது. விளையாட்டின் பெயரையும் அது கேட்கும் போர்ட் எண்களையும் எழுதி, இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்க முடியுமா என்று கணினி மையத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். இல்லையென்றால் சொந்த மொபைல் டேட்டா.

கேள்வி: ராயவரத்தில் இருக்கிறேன். சொந்தமாக விபிஎன் சர்வர் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியா? பதிவுகளை ஐந்து வருடம் வைக்க வேண்டும் என்கிறார்களே.

பதில்: நீங்கள் சொல்வது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு. வாடிக்கையாளருக்கு விபிஎன் சேவை விற்பவர்கள் அவர்களின் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் தங்கள் உள்வேலைக்கு வைத்துக்கொள்ளும் விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாது என்று பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் சொல்லப்பட்டது. கிளவுட் மெஷின் வாடகைக்குத் தரும் நிறுவனமும் உங்கள் விவரத்தை வைத்திருக்கும். உங்கள் டனலைப் பிறருக்குக் காசு வாங்கிக்கொண்டு திறந்துவிடாதீர்கள். அப்போது நீங்களே சேவை நடத்துபவர் ஆகிவிடுவீர்கள்.

கேள்வி: புதுவயலில் அரிசி ஆலை. ஆலைக்கும் காரைக்குடி அலுவலகத்துக்கும் வயர்கார்டு ஓடுகிறது, எல்லாம் நலம். ஆனால் ஆலையில் உள்ள எடைமேடைக் கணினியும் பிரின்டரும் அலுவலகத்து மென்பொருளில் "தேடு" என்றால் வருவதில்லை. பிங் போகிறது.

பதில்: "தேடு" என்ற பொத்தான் யூடிபி பிராட்காஸ்ட் அல்லது மல்ட்டிகாஸ்ட் அனுப்பி, யார் இருக்கிறீர்கள் என்று லேன் முழுக்கக் கேட்கிறது. வயர்கார்டு ஐபி அடுக்கில் மட்டும் வேலை செய்வது; பிராட்காஸ்ட்டை அது எடுத்துப்போகாது. தேடாமல் ஐபி எண்ணை நேரே எழுதிச் சேருங்கள். அதற்கு முன் ரௌட்டரில் பிரின்டருக்கும் எடைமேடைக் கணினிக்கும் மாறாத ஐபி ஒதுக்குங்கள். எண்ணை எழுத இடமே தராத மென்பொருளாக இருந்தால் ஓபன்விபிஎன்னின் டேப் முறை இரண்டு லேனையும் ஒன்றாக்கும். ஆனால் ஆலையின் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் அலுவலகத்துக்கும் வந்து சேரும், ஆண்ட்ராய்டு போன்களில் அந்த முறை ஓடாது. ஒரு பிரின்டருக்காக அதை எடுக்காதீர்கள்.